உறிஞ்சி எடுக்கத் தக்கதா வயிற்றுக் கொழுப்பு?

தமிழில் ‘கொழுப்பு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உடம்பில் தங்கும் நெய்ப்பொருளையும் அது குறிக்கும், அடக்கமின்மையையும் குறிக்கும். எதிர்த்துப் பேசும் பிள்ளையை, ‘உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது’ என்று கடிந்துகொள்ளாத வீடு நம்மிடையே அரிது. அதே வேரில் பிறந்த ‘கொழுமை’ என்னும் சொல்லோ செழிப்பைக் குறிக்கிறது. ஒரே பொருளைச் செழிப்பின் அடையாளமாகவும் குற்றத்தின் அடையாளமாகவும் கண்ட மக்கள் நாம். ஆதலால் வயிற்றில் சேர்ந்த கொழுப்பைப் பற்றிய பேச்சு நம்மிடையே மருத்துவப் பேச்சாக மட்டும் நிற்பதில்லை. பெருமையும் வெட்கமும் அதில் எப்படியோ வந்து கலந்துவிடுகின்றன.

இந்நாளில் இப்பேச்சு ஒரு புதிய வினாவாக உருக்கொண்டிருக்கிறது. வயிற்றுக் கொழுப்பைக் குழல்கொண்டு உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சையை, அதாவது லிப்போசக்‌ஷனை, செய்துகொள்வது தகுமா என்பதே அவ்வினா. தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்நகரில் இச்சிகிச்சையைச் செய்யும் மருத்துவமனைகள் பல. வேலைக்காக நாள்தோறும் அங்குச் சென்று திரும்பும் நம் பிள்ளைகளின் கண்ணில் அவற்றின் விளம்பரங்கள் படாமல் இல்லை. திருமணம் நிச்சயமான பெண்ணும், பிள்ளை பெற்ற தாயும், நாற்பதைக் கடந்த ஆடவரும் இதை எண்ணிப் பார்க்கும் காலம் இது.

‘தகுமா’ என்ற சொல்லிலும் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. அந்தக் கொழுப்பு அவ்வறுவைக்கு ஏற்றதா என்பது ஒன்று. அவ்வாறு செய்துகொள்வது முறையா என்பது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவம் விடை கூறும். பின்னதற்கு விடை காண வேண்டியவர்கள் நாம். முன்னதை அறியாமல் பின்னதைப் பேசுவது வெறும் உபதேசமாக முடியும். ஆதலின் உடலிலிருந்தே தொடங்குவோம்.

சிகிச்சையின் வரலாறு

உடலின் வடிவத்தை அறுவையால் திருத்தும் முயற்சி இந்நாட்டுக்குப் புதியதன்று. மூக்கறுபட்டவருக்கு வேறிடத்துத் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் விளக்குகிறது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் வண்டியோட்டியாக இருந்து, திப்புவின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்த கவாஸ்ஜி என்பவருக்குப் புனே பகுதியில் நெற்றித் தோலைக்கொண்டு மூக்கமைத்த செய்தி 1794-ஆம் ஆண்டு இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. ஐரோப்பிய மருத்துவர் பலரை இத்துறையின்பால் ஈர்த்த செய்திகளுள் அதுவும் ஒன்று.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை அண்மைக் காலத்தது. 1970-களின் நடுப்பகுதியில் இத்தாலியில் ஜியார்ஜியோ ஃபிஷரும் அவர் தந்தை அர்பாட் ஃபிஷரும் இதற்குரிய கருவியை உருவாக்கினர். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மருத்துவர் ஈவ்-ஜெரார் இல்லூஸ், முனை மழுங்கிய குழலைப் பயன்படுத்தி இம்முறையைச் செம்மைப்படுத்தினார். தொடக்கத்தில் இரத்தச் சேதம் மிகுதியாக இருந்தது. 1985-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் ஒரு வழி கண்டார். மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தையும் மிகுந்த உப்புநீரில் கலந்து, கொழுப்புப் பகுதிக்குள் முன்னதாகவே செலுத்திவிடுவது அவ்வழி. இதனால் இரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது பெரும்பாலும் இம்முறையே.

எந்தக் கொழுப்பு ஏற்றது?

வயிற்றில் கொழுப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. தோலுக்கும் தசைச் சுவருக்கும் இடையே ஒரு படலமாகப் பரவியிருப்பது தோலடிக் கொழுப்பு. விரல்களால் பிடித்தால் மடிப்பாகக் கையில் வருவது இதுதான். தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் பிற உறுப்புகளின் இடுக்குகளிலும் தங்கியிருப்பது உட்கொழுப்பு. இது கைக்கு அகப்படாது. வயிறு முன்தள்ளி, தட்டினால் கெட்டியாக இருக்கும் ஆடவர் பலரிடம் மிகுந்திருப்பது இவ்வுட்கொழுப்பே.

சுரங்க ஊரில் பிறந்தவர்க்கு இவ்வேறுபாட்டை நெடுக விளக்க வேண்டியதில்லை. மேல்மண்ணை வாருவது வேறு. பாறைக்கு அடியில் ஓடும் பொருளை எட்டுவது வேறு. மருத்துவரின் குழல் மேல்படலத்தில் மட்டுமே உழைக்க வல்லது. தசைச் சுவரைத் தாண்டி உள்ளே செல்ல அதற்கு உரிமையில்லை. தாண்டினால் குடல் துளைபட்டு உயிருக்கே கேடு வரும்.

ஆகவே, ‘வயிற்றுக் கொழுப்பு இவ்வறுவைக்கு ஏற்றதா?’ என்ற வினாவுக்கு மருத்துவத்தின் விடை, ‘ஒரு பகுதி ஏற்றது, ஒரு பகுதி ஏலாதது’ என்பதாகும். உடல் எடை ஏறக்குறைய அளவோடு நின்று, உணவாலும் உழைப்பாலும் கரையாமல், அடிவயிற்றிலோ இடுப்பின் பக்கங்களிலோ ஒரு பொதி போலத் தங்கிவிட்ட மென்மையான கொழுப்பு ஏற்றது. அதன் மேலுள்ள தோலும் இழுத்துவிட்டால் மீண்டும் சுருங்கும் தன்மையை இழக்காதிருக்க வேண்டும். தோல் தளர்ந்து தொங்கினால், கொழுப்பை எடுத்தபின் அது வெற்றுப்பை போல மேலும் தொங்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டாக விலகி, அதனால் வயிறு புடைத்திருக்கும் பெண்களுக்குக் கொழுப்பை எடுப்பதால் அப்புடைப்பு தீராது. அவர்களுக்கு வேண்டியது தசைக்குரிய பயிற்சி; சிலருக்குத் தசையைத் தைத்துத் தோலை வெட்டி இறுக்கும் வேறோர் அறுவை. குடலிறக்கம் உள்ளவர்க்கு இது ஆபத்து. கட்டுக்கடங்காத நீரிழிவும், இதய நோயும், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்தும் அறுவைக்குத் தடைகளாகும்.

அளவும் ஒன்று உண்டு. இது உடல் எடையைக் குறைக்கும் மருத்துவமன்று. வடிவத்தைத் திருத்தும் மருத்துவம். உறிஞ்சி எடுப்பது மொத்தம் 5 லிட்டரைக் கடந்தால் அதைப் பெரிய அறுவையாகக் கருதி, உரிய வசதியுள்ள மருத்துவமனையில் இரவு தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டுமென்பது மருத்துவர் சங்கங்கள் வகுத்துள்ள நெறி.

எடுத்தபின் நிகழ்வது

கொழுப்பை எடுத்துவிட்டால் நீரிழிவும் இதய நோயும் அகலும் என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணத்தை 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு சோதித்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பைப் பெருமளவில் உறிஞ்சி எடுத்தனர். அவர்களுள் 7 பேர் நீரிழிவு உடையவர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை இழந்தனர். 10 முதல் 12 வாரங்கள் கழித்து ஆராய்ந்தபோது, இன்சுலின் வேலை செய்யும் திறனோ, இரத்த அழுத்தமோ, இரத்தக் கொழுப்போ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. உணவாலும் நடையாலும் அவ்வளவு எடையை ஒருவர் குறைத்திருந்தால் இவை அனைத்துமே சீர்பட்டிருக்கும்.

2011-இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு, எடுத்த கொழுப்பு என்னவாகிறது என்று பார்த்தது. அடிவயிற்றிலும் தொடையிலும் கொழுப்பு எடுக்கப்பட்ட பெண்களின் உடலில் ஓராண்டுக்குள் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. திரும்பி வந்த கொழுப்பு தொடையில் தங்காமல் வயிற்றையே நாடிற்று. 2012-இல் பிரேசில் நாட்டின் சாவோ பாலோவில் 36 பெண்களைக்கொண்டு நடந்த ஆய்வு இன்னும் சிந்திக்கத் தக்கது. வயிற்றின் தோலடிக் கொழுப்பை எடுத்தபின் உடற்பயிற்சி செய்யாதிருந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் உட்கொழுப்பு சுமார் 10 விழுக்காடு கூடிவிட்டது. பயிற்சி செய்தவர்களுக்கு அவ்வாறு கூடவில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. வெளியே தெரியும் கொழுப்பு பெரும்பாலும் கண்ணைத்தான் உறுத்துகிறது. உயிரை அரிப்பது உள்ளே இருப்பது. முன்னதை எடுத்துவிட்டு, பின்னதை மறந்து வாளாவிருந்தால், முன்னதன் இடத்தைப் பின்னது நிரப்பிக்கொள்ளவும் கூடும்.

நம் வயிற்றின் வரலாறு

இவ்விடத்தில் நம் சொந்த வரலாற்றையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குப் பணி தொடங்கியபோது, சென்னை மாகாணமும் மைசூர் நாடும் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தது தங்கத்தின்மேல் கொண்ட ஆசையால் அன்று, வயிற்றுப்பாட்டுக்காகவே வந்தார்கள். ஒட்டிய வயிற்றோடு வந்தவர்கள் கேழ்வரகுக் களி உண்டு, சாம்பியன் ரீஃபிலும் நந்திதுர்க்கத்திலும் உரிகத்திலும் மைசூர்ச் சுரங்கத்திலும் இறங்கி உழைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், சுடும் பாறைகளுக்கிடையே வியர்வை ஆறாக ஓட நின்றவர்களின் உடம்பில் கொழுப்புத் தங்க இடமேது? அந்நாளில் சற்றே முன்தள்ளிய வயிறு மேலதிகாரிக்கும் கடைமுதலாளிக்கும் உரியதாக இருந்தது. ‘நம் பிள்ளைக்கும் அப்படி ஒரு வயிறு வாய்க்காதா’ என்று ஏங்கிய பாட்டிமார் உண்டு. ‘நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய்’ என்பது அவர்கள் வாயில் வாழ்த்தாகவே ஒலித்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் வாழ்க்கையின் போக்கே மாறிற்று. விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் இரயில் ஏறி, பெங்களூரில் நாற்காலியில் அமர்ந்தோ காவற்கூண்டில் நின்றோ பகலைக் கழித்து, இரவில் வீடு திரும்பி, நேரம் கடந்து உண்டு, உண்டவுடன் படுத்துறங்கும் வாழ்க்கை பல்லாயிரம் பேருக்கு வாய்த்தது. காலை உணவு நடைமேடையில். மாலை உணவு இரயில் பெட்டியில். அதுவும் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்தது. நடக்க நேரமில்லை. உறங்கவும் நேரமில்லை. இத்தகைய வாழ்க்கையில் வளரும் வயிற்றைச் சோம்பலின் விளைவென்று சொல்லிவிடுதல் நியாயமாகுமா?

உடற்கூறும் நமக்கு அவ்வளவு துணையாக இல்லை. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பவரும் இங்கிலாந்து மருத்துவர் யட்கின் என்பவரும் 2004-ஆம் ஆண்டு தம் உடம்புகளையே சான்றாக வைத்து ஒரு செய்தியை வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியெண் இருவருக்கும் 22.3 என்று ஒன்றாகவே இருந்தது. ஆயினும் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடம்பில் 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்தியரின் உள்ளே கொழுப்பு மறைந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. தாயின் கருவில் போதிய ஊட்டமின்றி வளர்ந்த குழந்தை, பிற்காலத்தில் வளமான உணவு கிடைக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்னும் கருத்தை ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1992-இல் முன்வைத்தனர். பசியில் வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்த நாம் சிந்திக்க வேண்டிய கருத்து இது.

இதனாலேயே நம்மவர்க்கு இடுப்பளவின் எல்லையும் சற்றுக் குறைவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். சென்னை மதராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என்று கணக்கிட்டது. வளர்ந்தவர்களுள் 39.5 விழுக்காட்டினர் வயிற்றுப் பருமன் உடையவர் என்றும் அது கூறுகிறது. இது தனி ஒருவரின் நாவடக்கத்தால் மட்டும் தீரும் சிக்கலன்று என்பதை இவ்வெண்களே காட்டும்.

முறையா, முறையன்றா?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். இவ்வறுவையைப் பற்றி நம்மிடையே மூன்று வகைக் குரல்கள் ஒலிக்கின்றன.

‘இறைவன் கொடுத்த உடம்பு, அதில் கை வைத்தல் தகாது’ என்பது முதற்குரல். இதில் பக்தி இருக்கிறது. ஆனால் பொருத்தம் இல்லை. குழந்தைக்குக் காது குத்துகிறோம். பிளவுபட்ட உதட்டைத் தைக்கிறோம். கண்புரையை அகற்றுகிறோம். அங்கெல்லாம் எழாத தடை இங்கு மட்டும் எழுவானேன்? உடம்பில் கருவி படுவது தன்னளவில் பாவம் என்றால் மருத்துவமே பாவமாகிவிடும்.

‘என் உடம்பு, என் பணம், கேட்பதற்கு நீ யார்?’ என்பது இரண்டாவது குரல். இதில் உண்மை உண்டு. பிள்ளை பெற்று வளர்த்து, வேலைக்கும் சென்று, தன் உடம்பைத் தானே பாராட்டிப் பார்க்க ஒரு வேளையும் வாய்க்காத பெண்ணொருத்தி, தன் மனநிறைவுக்காக இதை விரும்பினால் அதை ‘ஆடம்பரம்’ என்று எள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் உடம்பு என்னுடையது என்பதால் அதன் இழப்பும் என்னுடையது மட்டுமே ஆகிவிடுமா? 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த இவ்வறுவைகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பு, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இறந்ததாகக் காட்டியது. நுரையீரலைச் சென்று அடைக்கும் இரத்தக்கட்டி அதற்கு முதன்மையான காரணம். பிற்கால ஆய்வுகள் சில இதினும் குறைந்த எண்ணிக்கையையே காட்டியுள்ளன. எண் சிறியதுதான். ஆயினும் 2022 மே மாதத்தில் பெங்களூரில், 21 வயதே ஆன கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்த செய்தியை நாம் படித்தோம். அவ்வீட்டுக்கு அந்த எண் சிறியதன்று. நோயைத் தீர்க்கும் அறுவையில் நேரும் ஆபத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு நியாயம் இருக்கிறது; அறுவை செய்யாவிடினும் அங்கே ஆபத்து உண்டு. நோயற்ற உடம்பில் நாமே வரவழைத்துக்கொள்ளும் ஆபத்துக்கு நியாயம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். அதனால் இம்முடிவில் குடும்பத்துக்கும் ஒரு பங்குண்டு. தடை போடும் பங்கு அன்று, அறிந்திருக்கும் பங்கு.

மூன்றாவது குரல் வெளிப்படையாக ஒலிப்பதில்லை. ஆனால் மற்ற இரண்டையும்விட வலிமையுடையது. அது வெட்கத்தின் குரல். திருமண வீட்டில், ‘என்னடி, முகூர்த்தத்துக்கு முன்னேயே வயிறு தெரிகிறதே!’ என்று சிரித்துக்கொண்டே கேட்கும் அத்தையின் குரல். பெண்பார்க்க வந்தவர் திரும்பிச் சென்றபின், ‘கொஞ்சம் உடம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்’ என்று தரகர் கொண்டுவரும் சொல். நண்பர் கூட்டத்தில் ‘தொப்பை’ என்றே பெயர்பெற்றுவிட்ட இளைஞனின் உள்ளத்தில் இரவெல்லாம் எரியும் சொல். இக்குரலுக்கு அஞ்சியே பலர் மருத்துவரிடம் செல்கின்றனர்.

வெட்கத்தால் செய்துகொள்ளும் அறுவை எல்லாம் தவறு என்று சொல்லிவிட முடியுமா? மேலே கூறிய கவாஸ்ஜியும் வெட்கத்தால்தானே மூக்கமைத்துக்கொண்டார் என்று ஒருவர் கேட்கலாம். தக்க கேள்வியே. ஆனால் அவர் உடம்பிலிருந்து ஒன்று பறிக்கப்பட்டிருந்தது. காயம் உடம்பிலேயே இருந்தது. மருத்துவர் அதை ஆற்றினார். நம் பெண்ணின் வயிற்றிலிருந்து எவரும் எதையும் பறிக்கவில்லை. அங்கே காயம் இருப்பது நம் பேச்சில். பேச்சில் ஏற்பட்ட காயத்தை உடம்பில் குழல் செலுத்தி ஆற்ற இயலாது. இன்று வயிற்றைப் பழித்த வாய், நாளை நிறத்தைப் பழிக்கும். மறுநாள் முடியைப் பழிக்கும். அவ்வாய்க்கு அஞ்சி ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனால் எஞ்சுவது என்ன?

கண்ணாடி தரும் பொய்யமைதி

இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அது அறுவையில் இல்லை. அறுவைக்குப் பின் வரும் அமைதியில் இருக்கிறது. வயிறு தட்டையாகிவிட்டது, சட்டை பொருந்துகிறது, பார்ப்பவர் பாராட்டுகின்றனர். ‘இனி நமக்கென்ன’ என்று அம்மனிதர் சர்க்கரைச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார். நடையை விடுகிறார். பழைய உணவுக்குத் திரும்புகிறார். உள்ளே இருப்பதோ முன்போலவே இருக்கிறது, அல்லது வளர்கிறது.

இந்த ஏமாற்றம் தங்கவயலுக்குப் புதியதன்று. பாறைத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உட்கொண்ட நம் முன்னோரின் நுரையீரலை சிலிக்கோசிஸ் என்னும் நோய் அரித்தது. இந்தியாவில் அந்நோயைப் பற்றிய தொடக்கக் கால ஆய்வுகளுள் முதன்மையானவை 1940-களில் இவ்வூரிலேயே நடந்தன. கட்டுமத்தான தோளும் அகன்ற மார்பும் உடைய தொழிலாளியைப் பார்த்த எவரும் அவரை நோயாளி என்று சொல்லியிருக்க மாட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தபோதுதான் உள்ளே நடந்த அழிவு தெரிந்தது. வெளித்தோற்றத்தை நம்பிப் பரிசோதனைக்குச் செல்லாதிருந்தவர்களின் வீடுகளில் என்ன நேர்ந்தது என்பதை இவ்வூரின் மூத்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்பாடத்தை நாம் விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். வயிற்றின் விஷயத்தில் அதை மறந்துவிடலாகாது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உணவையும் அதன் அளவையும் செரிமானத்தையுமே பேசுகின்றன என்பது எண்ணத் தக்கது. அதன்பிறகே வள்ளுவர் மருத்துவரின் கடமைக்கு வருகிறார். நோயின்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆய்ந்து, தீர்க்கும் வழியை அறிந்து, பின் செய்யச் சொல்கிறார். வயிற்றுப் பருமனின் காரணம் நம் வாழ்க்கை முறையில் இருக்கும்போது, காரணத்தைத் தொடாமல் அடையாளத்தை மட்டும் அகற்றுவது அவர் வகுத்த முறையாகாது.

உட்கொழுப்பை எட்டும் குழல் எந்த மருத்துவமனையிலும் இல்லை. ஆனால் அது பிடிவாதக் கொழுப்புமன்று. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே அதில் நல்ல பங்கு கரைந்துவிடுகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தால் போதும். விரைந்த நடையும், இரவு உணவை நேரத்தோடு முடித்தலும், தீட்டிய அரிசியைக் குறைத்து நம் பாட்டிமார் உண்ட கேழ்வரகையும் பயற்றையும் காய்கறியையும் கூட்டுதலும், போதிய உறக்கமும் அதற்குரிய கருவிகள். சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் கூறுவார்.

முடிவாக

கேட்ட வினாவுக்கு விடையைச் சுருக்கிக் கூறுவோம். கையில் பிடிபடும் சிறு பொதியாய், அளவான உடம்பில், தளராத தோலின் கீழ்த் தங்கிய கொழுப்பு உறிஞ்சி எடுக்க ஏற்றது. அதை எடுத்துக்கொள்வது பாவமுமன்று, பழிக்கத் தக்கதுமன்று. நம்மில் பெரும்பாலோர் சுமந்து திரியும் கெட்டி வயிறோ அதற்கு ஏற்றதன்று. அதற்குரிய மருத்துவம் வேறு.

எண்ணித் துணிய விரும்புவோர் தம்மைத் தாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இதை நான் விரும்புகிறேனா, பிறர் சொல்லுக்கு அஞ்சுகிறேனா? என் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இடுப்பளவையும் அளந்து பார்த்திருக்கிறேனா? செய்பவர் உரிய பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்தாமா, அவ்விடத்தில் மயக்க மருந்து வல்லுநரும் அவசரச் சிகிச்சை வசதியும் உண்டா? வீட்டில் உள்ளவர் அறியச் செல்கிறேனா, கடன் வாங்கி மறைந்து செல்கிறேனா? இந்நான்கிற்கும் நேர்மையான விடை கிடைத்தவர் தம் வழியில் செல்லட்டும். அவரை எவரும் இகழ வேண்டாம்.

எஞ்சிய கடமை நம் அனைவருக்கும் உரியது. நம் வீட்டு விழாக்களில் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிய கேலியை இன்றோடு நிறுத்துவோம். பெண்பார்க்கும் இடத்தில் உடம்பை எடைபோடும் வழக்கத்தைக் கைவிடுவோம். சங்கத்தின் ஆண்டு விழாவில் பந்திக்கு இலை போடும் நாளிலேயே, ஒரு பக்கத்தில் இரத்தச் சர்க்கரையும் இடுப்பளவும் பார்க்க ஒரு மேசை போட்டால் அதுவும் ஒரு தமிழ்த் தொண்டே. பசியோடு வந்து, ஆழத்தில் உழைத்து, தம் பிள்ளைகள் வயிறார உண்ண வேண்டும் என்று விரும்பிய முன்னோரின் ஆசை நிறைவேறிவிட்டது. உண்டதோடு நெடுநாள் நலமாக வாழ வேண்டும் என்பதும் அவர்கள் ஆசையாகவே இருந்திருக்கும். அதை நிறைவேற்றுவது நம் பொறுப்பு.